ஊர்ச் சுடுநீர் ஊற்றை மீட்பது எப்படி: கிரேக்க ஊர்களிடம் எதை எடுக்கலாம், எதை விடலாம்

கோலாலம்பூரின் செத்தாப்பாக்கிலும் எல்லை தாண்டினால் செலாயாங்கிலும் சுடுநீர் ஊற்றுகள் இருக்கின்றன. மூட்டுவலிக்காரர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு கால் இழுத்துக்கொண்டவர்கள், சும்மா உடம்பு அசதி போக்க வருபவர்கள் என்று எல்லா இனத்தாரும் வாளியோடு வந்து போகும் இடங்கள் இவை. இப்படி ஓர் ஊற்றைச் சீர்படுத்தலாம் என்று குடியிருப்போர் சங்கமோ ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்போ கூடிப் பேசினால் முதலில் வரும் யோசனை கட்டடம்தான். வரவேற்பு வளைவு, தங்கும் அறை, மசாஜ் கூடம். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வழிகாட்டி வாளியிலும் கடிகாரத்திலும் தொடங்குகிறது.

கிரேக்கத்தை ஏன் பார்க்க வேண்டும்? சுடுநீரை நம்பியே வளர்ந்த ஊர்கள் அங்கே ஏராளம். நன்றாக ஓடுபவையும் உண்டு, இடிந்து கிடப்பவையும் உண்டு.

எவியா தீவில் உள்ள எடிப்சோஸில் ரோமத் தளபதி சுல்லா உடம்புக்கு முடியாமல் வந்து குளித்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அவர் பெயரையே தாங்கிய தெர்மே சில்லா ஹோட்டல் 1897இல் தோன்றியது, இன்றும் ஓடுகிறது. கவனிக்க வேண்டியது ஹோட்டலை அல்ல, அதன் பக்கத்துக் கடற்கரையை. அதே சுடுநீர் பாறைகள் மேல் வழிந்து கடலில் விழும் இடத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உட்காரலாம். ஹோட்டலில் பணம் கட்டிக் குளிப்பவரும் வெளியே சும்மா உட்கார்ந்திருப்பவரும் ஒரே தண்ணீரில்தான் இருக்கிறார்கள்.

லெஸ்வோஸ் தீவின் தெர்மியில் 1909இல் கட்டிய சார்லிட்சா பாலஸ் என்ற பெரிய ஹோட்டல் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. அதே தீவின் பொலிக்னிடோஸில் ஐரோப்பாவின் மிகச் சூடான ஊற்றுகளில் ஒன்று இருக்கிறது. அங்கே சிறிய பழைய குளியல் வீட்டைச் செப்பனிட்டுப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு கட்டடங்களை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனாலும் சிறியதைப் பராமரிப்பது எளிது என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

விழுந்த ஊர்களுக்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. பல ஊர்கள் ஒரே வகை வாடிக்கையாளரை நம்பின: சமூகக் காப்புறுதி செலவை ஏற்க, கோடையிலும் இலையுதிர் காலத்தொடக்கத்திலும் வரும் முதியவர்கள். அந்தப் பணம் சுருங்கியதும் வருகையும் சுருங்கியது. இங்கே அதற்கு இணையான ஆபத்து, வார இறுதிப் பேருந்துக் கூட்டத்தை மட்டும் நம்பித் திட்டம் போடுவது.

பழமை மட்டும் பெயர் வாங்கித் தராது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஐரோப்பிய ஸ்பா நகரங்கள் 7 நாடுகளில் 11. கிரேக்க ஊர் ஒன்றுகூட இல்லை. அந்தப் பட்டியல் பார்த்தது ஏறத்தாழ 1700 முதல் 1930கள் வரை உருவான நகர அமைப்பை.

வாளியும் கடிகாரமும்

வேண்டியவை: 20 லிட்டர் வாளி, கைப்பேசியில் உள்ள விநாடிக் கடிகாரம், கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானி, மின்கடத்தும் திறன் காட்டும் சின்னக் கருவி (நீரில் கரைந்த உப்பு கூடினால் இந்த எண்ணும் கூடும்), ஒரு நோட்டு. நெற்றியில் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டாம். அது நீரின் மேல்தோலையும் ஆவியையும் சேர்த்துப் படித்துக் குறைத்துக் காட்டும். கம்பி வெப்பமானியை முதலில் ஐஸ் கட்டி நிறைந்த தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 0 பாகைக்கு அருகில் நிற்காவிட்டால் அந்த வித்தியாசத்தை நோட்டில் எழுதி ஒவ்வோர் அளவிலும் கழியுங்கள்.

ஊற்றின் வாயிலிருந்து தண்ணீர் ஒரே வழியாக வாளிக்குள் விழும்படி தற்காலிக மடை கட்டுங்கள். மூன்று முறை நிரப்பி, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 40 விநாடியில் வாளி நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர், மணிக்கு 1,800 லிட்டர். உங்கள் திட்டம் முழுவதும் இந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும்.

வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், ஓராண்டாவது அளக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் ஓர் எண் வரும். அக்டோபர், நவம்பர் அடைமழையில் வேறு எண் வரும். ஒரு மாதம் அளந்துவிட்டுக் குளம் கட்டுபவர்கள் வறட்சியில் மாட்டிக்கொள்வார்கள்.

அளவுகளைச் சேர்த்து வைத்துப் படிக்கவும் தெரிய வேண்டும். மழைக்குப் பிறகு வெப்பமும் மின்கடத்தும் திறனும் சேர்ந்து இறங்கினால் மேல்தண்ணீர் உள்ளே கசிகிறது. ஊற்றின் வாயைச் சுற்றிக் களிமண்ணோ சிமெண்டுக் கழுத்தோ வைத்து அடைக்க வேண்டும். வெப்பம் மட்டும் இறங்கி மின்கடத்தும் திறன் மாறாமல் இருந்தால் தண்ணீர் மெதுவாக ஏறி வழியில் சூட்டை இழக்கிறது. வாயில் மண் அடைத்திருக்கலாம், அல்லது அருகில் யாராவது பம்ப் வைத்து இழுக்கலாம். இரண்டும் மாறாமல் ஓட்டம் மட்டும் குறைந்தால் முதலில் குழாயைப் பாருங்கள்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலேசியத் தீபகற்பத்தில் 60க்கும் மேற்பட்ட சுடுநீர் ஊற்றுகள் உண்டு. இவை எரிமலை நீர் அல்ல. மலைகளில் பெய்த மழை கருங்கல் வெடிப்புகள் வழியே இறங்குகிறது. ஆழம் கூடக்கூட கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை வரை சூடு ஏறும். சூடான நீர் வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. மெத்தானா போன்ற கிரேக்க ஊர்களுக்கு எரிமலைப் பின்னணி உண்டு. எடிப்சோஸ் நீரோ உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது, வெளியே வந்ததும் கரியமிலவாயு பிரிந்து கல்லாகப் படியும். அங்கே குழாய் அடைப்புதான் தலைவலி. நமது கருங்கல் நீரில் உப்பு குறைவு, சிலிக்காவும் ஃபுளோரைடும் கவலை. அவர்களுடைய குழாய் வேலைக் கையேட்டை அப்படியே நகலெடுத்தால் பயனில்லை.

ஓட்டம் போதவில்லை என்று குழாய்க் கிணறு தோண்டும் யோசனை வரும். வேண்டாம். இயற்கையாக வழியும் ஊற்றின் பக்கத்தில் தோண்டி உறிஞ்சினால் அழுத்தம் இறங்கி ஊற்றே நின்றுவிடலாம். நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் 1980களில் பொஹூட்டு வெந்நீர்ப் பீச்சியைக் காக்க, அதைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை அரசாங்கம் மூட வைத்தது.

ஆய்வகமும் அனுமதியும்

கிரேக்கத்தில் 2006ஆம் ஆண்டின் 3498ஆம் சட்டப்படி ஊற்றைக் குணப்படுத்தும் இயற்கை வளமாக அங்கீகரிக்க நீரியல், வேதியியல், நுண்ணுயிர் ஆய்வுகள் தேவை. பிறகு அரசிதழில் வெளியாகும். குளியல் நிலையத்துக்குத் தனி உரிமமும் வேண்டும். இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் அதே வரிசையில் போவது நல்லது.

மாதிரி எடுக்கும்போது குளத்திலிருந்து எடுக்காதீர்கள், ஊற்றின் வாயிலிருந்து எடுங்கள். பி.எச். அளவையும் வெப்பத்தையும் அங்கேயே பார்த்து எழுதுங்கள். பயணத்தில் இரண்டும் மாறிவிடும். உலோகங்களுக்கான போத்தலில் ஆய்வகம் நைட்ரிக் அமிலம் போட்டுத் தரும், அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய தனிப் போத்தல். மற்றவற்றைக் காற்றுக்குமிழி இல்லாமல் வாய் நிறைய நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டியவை ஃபுளோரைடு, ஆர்சனிக், சோடியம், குளோரைடு, சிலிக்கா, ஹைட்ரஜன் சல்ஃபைட் (கந்தக வாடை தரும் வாயு), ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் கிருமி). குடிநீரில் ஃபுளோரைடுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். கருங்கல் ஊற்றுகள் இதைத் தாண்டுவது சாதாரணம். "வயிற்றுக்கு நல்லது" என்று போத்தலில் பிடித்துப் போகிறவர்களைத் தடுக்க, முடிவு வரும் முன்பே பலகை வையுங்கள்.

அனுமதி விஷயம் இடத்துக்கு இடம் மாறும். கோலாலம்பூரில் மாநகர் மன்றமும் கூட்டரசுப் பிரதேச நில அலுவலகமும். செலாயாங் என்றால் அது சிலாங்கூர். நகராண்மைக் கழகத்தோடு, நீர் எடுக்கும் வேலை எதுவானாலும் லுவாஸ் எனப்படும் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமும் வந்துவிடும். கனிம, புவி அறிவியல் துறையிடம் பழைய ஊற்றுப் பதிவுகள் கிடைக்கும், முதலில் அங்கே போய்க் கேளுங்கள். சங்கம் பதிவு செய்ய ஏழு பேராவது வேண்டும். கையில் ஓராண்டு அளவு நோட்டு இருந்தால் அதிகாரிகளின் முகமே மாறும்.

கால் தொட்டி முதலில்

இங்கேதான் திட்டம் வாழும் அல்லது சாகும். மேலே சொன்ன ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம்: விநாடிக்கு அரை லிட்டர், 52 பாகை.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழக் குளம் 7,200 லிட்டர் பிடிக்கும். முழுத் தண்ணீரும் ஒருமுறை மாற 4 மணி நேரம். வசதியாக எட்டுப் பேர் உட்காரலாம். நான்கு மணி நேரம் ஒருவர் வியர்வை இன்னொருவர் மேல். 6 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 35 சென்டிமீட்டர் ஆழக் கால் தொட்டியோ 1,050 லிட்டர்தான். 35 நிமிடத்தில் மாறிவிடும். ஆளுக்கு அரை மீட்டர் என்றால் பக்கத்துக்கு 12, இரண்டு பக்கமும் 24 பேர். உடை மாற்றத் தேவையில்லை, தனித்தனி ஆண், பெண் பகுதி தேவையில்லை, துடோங் என்ற தலைத்துணி அணிந்த பாட்டியும் சேலை கட்டிய பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பலகையின் உயரம் தரையிலிருந்து 42 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் முழங்கால் வலிக்காரர் எழுந்து நிற்க முடியும். கைப்பிடிக் கம்பியை மறக்காதீர்கள்.

முழுக்குளம் வேண்டும் என்றால் கால் தொட்டி ஓராண்டு ஒழுங்காக ஓடிய பிறகு யோசிக்கலாம்.

சூட்டை இறக்குவது அடுத்த சிக்கல். கிரேக்கத்தின் போசாரில் நீர் 37 பாகையில் வருகிறது, நேராக இறங்கிவிடலாம். கித்னோஸ் தீவில் 52 பாகை, 38 பாகை என்று இரண்டு ஊற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அவர்கள் அதிர்ஷ்டம். நாம் 52ஐ 40க்குக் கொண்டுவர வேண்டும். 28 பாகைக் குழாய்த் தண்ணீரைக் கலந்தால் சரிபாதிக்குச் சரிபாதி போகும். ஊற்று நீரின் தன்மை பாதியாகும், தண்ணீர்க் கட்டணமும் ஏறும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் 15 பாகைத் தண்ணீர் கலப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். அந்தக் கணக்கை இங்கே நம்பாதீர்கள். ஆழமில்லாத திறந்த வாய்க்காலில் ஓடவிட்டு ஆற்றலாம், ஆனால் நமது ஈரக்காற்றில் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். வாய்க்கால் நீளமாக வேண்டும்.

நல்ல வழி வெப்பப் பரிமாற்றி. ஊற்று நீர் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளின் ஒரு பக்கமும் குழாய்த் தண்ணீர் மறுபக்கமும் ஓடும். ஊற்று நீர் கலப்படமில்லாமல் ஆறும். சூடேறிய குழாய்த் தண்ணீர் குளிக்கும் முன் கழுவும் ஷவருக்குப் போகும். எஃகில் 316 ரகம் கேளுங்கள். கந்தக வாடை உள்ள நீரில் செப்பைப் போட்டால் கறுத்து அரித்துவிடும். சாதாரண பி.வி.சி. குழாய் 60 பாகையை நெருங்கும்போது நெளியத் தொடங்கும். ஊற்றின் வாய்ப்பக்கம் அதைவிடச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய் போடுங்கள்.

எண்ணெயும் சீயக்காயும்

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு சுடுநீருக்கு வருவது நம்மவர்களின் பழக்கம். தீபாவளிக்கு முந்தைய வாரம் சொல்லவே வேண்டாம். பழக்கத்தைத் தடை செய்தால் ஆட்களே வரமாட்டார்கள். அப்படியே விட்டால் நல்லெண்ணெய் நீர்மட்டத்தில் படலமாக மிதந்து தொட்டியின் ஓரத்தில் பிசுக்காக ஒட்டும், அதில் கிருமி குடியிருக்கும், வடிகால் வாயில் சீயக்காய்த் தூளோடு சேர்ந்து களிம்பாக அடைக்கும்.

தொட்டியிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி எண்ணெய்க் குளியலுக்கென்றே ஒரு திண்ணை கட்டுங்கள். வெப்பப் பரிமாற்றியிலிருந்து வரும் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீர் அங்கே வரட்டும். வடிகாலில் முதலில் தூளைப் பிடிக்கும் சல்லடை, அடுத்து உணவுக்கடைகளில் இருப்பது போன்ற, எண்ணெயைப் பிடித்து வைக்கும் கிரீஸ் டிராப். சல்லடையைத் தினமும், டிராப்பை வாரமும் சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெய் வைத்தவர் சீயக்காய் அல்லது அரப்புத் தேய்த்து அலசி முடித்த பிறகே தொட்டிப் பக்கம் வரலாம். வழுக்கி விழுவது இங்கேதான் அதிகம் நடக்கும், ஆகவே சொரசொரப்பான தரை. பளபளக்கும் டைல்ஸ் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தைப்பூசம் முடிந்து பத்துமலையிலிருந்து கால்வலியோடு வருபவர்களுக்குக் கால் தொட்டி அருமையான இடம். அலகு குத்திய காயம் ஆறாதவர்கள் தண்ணீரில் இறங்கக்கூடாது. இதைப் பலகையில் தமிழிலேயே எழுதுங்கள்.

சுடும், தொற்றும்

60 பாகை நீர் ஏறத்தாழ 5 விநாடியில் தோலை வேகவைக்கும், 55 என்றால் அரை நிமிடம், 49 என்றால் 5 நிமிடம். குழந்தைகளுக்கு இதைவிடச் சீக்கிரம். ஊற்றின் வாயைச் சுற்றி வேலி கட்டாயம். பேராக்கின் சுங்கை கிளா போலக் கொதிக்கும் ஊற்றுகளில் முட்டை அவிக்கிறார்கள் என்று இங்கேயும் ஆசைப்படுவார்கள். 50 பாகையில் முட்டை வேகாது.

உண்மையான ஆபத்து நீரிழிவுக்காரர்களின் கால். நரம்பு மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. வீட்டுக்குப் போன பிறகு கொப்புளம் கிளம்பும். நம் மக்களிடம் நீரிழிவு அதிகம், அதனால் இதைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு நகர முடியாது. தொட்டியின் இரண்டு முனையிலும் பெரிய எண்ணில் வெப்பம் காட்டும் கருவி வையுங்கள். 40க்கு மேல் காட்டினால் தொட்டி மூடப்பட வேண்டும். நீரிழிவுக்காரர் முதலில் முழங்கையை நனைத்துப் பார்க்கட்டும், அல்லது கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லட்டும். உட்காருவது 10 நிமிடம் போதும். மற்றவர்களுக்கு 15. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே.

தலையை முக்கக்கூடாது, நீரை மூக்கில் ஏற்றக்கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும்; அரிதுதான், ஆனால் போனால் பிழைப்பது அதைவிட அரிது. லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி 25 முதல் 45 பாகையில் பெருகி, தெறிக்கும் துளியோடு நுரையீரலுக்குள் போகும். செயற்கை அருவி, நீர்ப்பீச்சி எதுவும் வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சலைத் தடுக்கக் குப்பைத்தொட்டிக்கு மூடி போடுங்கள்.

இரவில் தொட்டியை முழுக்க வடித்துத் தேயுங்கள். 5 சதவீதக் குளோரின் திரவம் லிட்டருக்கு 20 மில்லி கலந்து பூசி, 10 நிமிடம் விட்டு, நன்றாக அலசுங்கள். கறை போக்கும் அமிலத்தோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு வரும். கந்தக நீர் குளோரினை விழுங்கிவிடும் என்பதால், தண்ணீரில் சும்மா குளோரின் கொட்டிவிட்டுச் சுத்தம் என்று நினைப்பது ஏமாற்று. வெயில் நேராக விழுந்தால் பாசி பிடிக்கும், கூரை போடுங்கள்; சுவர் வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைட் காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரைமட்டத்தில் தங்கும்.

வெளியேறும் நீர் 40 பாகைக்குக் கீழே ஆறிய பிறகே ஓடைக்குப் போக வேண்டும். தொழிற்சாலைக் கழிவுநீருக்கான விதியின் வரம்பு அதுதான், அதையே நமக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கதையைச் சேர்ப்பது

கித்னோஸின் ஆறிய ஊற்றுக்கு அயீ அனார்கிரி என்று பெயர். காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த புனிதர்களான கோஸ்மாஸ், தாமியானோஸ் இருவரின் பெயர். ஜூலை 1 அவர்கள் திருநாள். ஊற்றோடு ஒரு நாள்காட்டியும் ஒட்டிக்கொண்டால் ஊர் அதை மறக்காது. இங்கே செத்தாப்பாக்கில் ஆயர் பானாஸ் (மலாயில் சுடுநீர்) என்ற பெயர் கம்பத்துக்கும் சாலைக்குமே வந்துவிட்டது; ஊற்று எங்கே என்று அந்தச் சாலையில் வசிக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

70 வயது தாண்டியவர்களிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். "பழைய கதை சொல்லுங்க தாத்தா" என்றால் எதுவும் வராது. யார் முதலில் அழைத்துவந்தார், எந்தக் கிழமை, பொம்பிளைங்க எந்த நேரம், என்ன நோய்க்கு, தண்ணீர் அப்போது எந்த இடம் வரை நின்றது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியின் பதில் உங்கள் அளவு நோட்டுக்கும் உதவும். மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் மூன்றிலும் எடுங்கள். பலகையை மூன்று மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தமிழைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்த்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள். கோலாலம்பூர்ப் பொதுப் பலகைகளில் நம் எழுத்து படும் பாடு தெரிந்ததுதானே.

கணக்கு

இரண்டு துப்புரவுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வீதம் 3,400. முதலாளியின் பங்கான 13 சதவீத இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் சேர்த்தால் மாதம் சுமார் 3,900. இந்தச் செலவு மட்டும் தேற, தலைக்கு 2 ரிங்கிட் என்றால் நாளுக்கு 65 பேர் வர வேண்டும். சோதனைச் செலவும் பழுதுபார்ப்பும் தனி. எடிப்சோஸ் கடற்கரை மாதிரி ஓர் ஓரத்தை இலவசமாக விட வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். அதற்காக எண்ணெய்த் திண்ணையைக் கட்டணப் பகுதியாக்கி, 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் கால் தொட்டியின் காலை நேரத்துக்கும் காசு வாங்காமல் விடலாம். அந்த வாரத்து வாளி விநாடி, வெப்பம், வந்த ஆள் எண்ணிக்கை, கையிருப்பு நான்கையும் வாசலில் வெள்ளைப் பலகையில் எழுதிப் போடுங்கள். கிருமிச் சோதனை முடிவு மாதம் ஒருமுறை அதன் கீழே.